நான் உடைத்த தேன்கூடும், ஹூட்ரி என்ற மனிதரும்



மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு வேணும், யாரைப் பற்றி எழுதுகிறாய் என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். எடிசன், ஹென்றி ஃபோர்டு, ருடால்ஃப் டீசல் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். எல்லோரும் பெரியவர்கள்தான். ஆனால் நான் எழுதப் போவது யூஜின் ஹூட்ரியைப் பற்றி. பிரான்ஸ் நாட்டுக்காரர். அவருடைய மொழியில் 'ஊத்ரி' என்று சொல்ல வேண்டுமாம். அமெரிக்காவில் போய் ஹூட்ரி ஆகிவிட்டார். ரிஃபைனரியில் வேலை பார்க்கும் எஞ்சினியர்களுக்கு உலகம் பூராவும் தெரிந்த பெயர். ஆட்டோமொபைல் படிக்கிற நமக்குத்தான் அவ்வளவாகத் தெரியவில்லை. வண்டியின் டேங்க்கில் ஊற்றுகிற பெட்ரோலிலும் அவர் இருக்கிறார், பின்னால் போகிற புகையிலும் அவர் இருக்கிறார்.

அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு குற்ற உணர்ச்சியும் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவது செமஸ்டர் லீவில் ஒரு கேரேஜில் பயிற்சிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே ஒரு டர்போ பெட்ரோல் கார் வந்தது. வண்டியை வாங்கிய பையனுக்கு நம்மைவிட நாலைந்து வயசுதான் அதிகம் இருக்கும். பிக்கப் இன்னும் வேணும், சத்தமும் நல்லா வரணும் என்றான். சீஃப் மெக்கானிக் அண்ணன் டவுன்பைப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து, உள்ளே இருக்கும் கேட்கானைத் தட்டி எடுத்துவிடச் சொன்னார். கேட்கான் என்றால் கேட்டலிடிக் கன்வர்ட்டர்; கேரேஜ்களில் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஒரு பழைய கம்பியை எடுத்து, சுத்தியலால் நாலு தட்டு தட்டினேன். தேன்கூடு மாதிரி இருந்த பீங்கான் பொலபொலவென்று உதிர்ந்தது. சாக்கில் கட்டி வைத்ததை ஒருவர் வந்து எடை போட்டுப் பணம் கொடுத்து வாங்கிப் போனார். உடைந்த பீங்கானுக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று அப்போதுதான் யோசித்தேன். உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறதாம்! சில கிராம்தான். இதை யார் முதலில் கண்டுபிடித்தது என்று தேடப் போய்த்தான் ஹூட்ரியிடம் வந்து சேர்ந்தேன்.

சரி, கதைக்கு வருவோம்.

ஹூட்ரி பிறந்தது 1892 ஏப்ரல் 18. ஊர் பாரிஸுக்குப் பக்கத்தில் தோமோன். அப்பாவுக்கு இரும்புத் தொழிற்சாலை, வசதியான குடும்பம். பையன் படித்தது மெக்கானிக்கல். ஆர்ட்ஸ் ஏ மெத்தியே என்ற புகழ் பெற்ற தொழிற்கல்லூரி. பட்டறையில் கையழுக்காகி வேலை கற்றுக்கொள்ளும் பழக்கமுள்ள கல்லூரி அது, கிட்டத்தட்ட நம்ம ஜாதி. 1911இல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறித் தங்கப் பதக்கம் வாங்கினார். கல்லூரி கால்பந்து அணிக்கும் அவர்தான் கேப்டன். புத்தகப் புழு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்!

படித்து முடித்ததும் அப்பாவின் தொழிற்சாலையில் சேர்ந்தார். கெமிஸ்ட்ரி அவருடைய பாடம் அல்ல. பின்னாளில் உலகத்தின் பெட்ரோல் கெமிஸ்ட்ரியையே மாற்றியவர் ஒரு மெக்கானிக்கல்காரர் என்பதை நம்ம கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

1914இல் முதல் உலகப் போர் வந்தது. முதலில் பீரங்கிப் படை, பிறகு புதிதாக ஆரம்பித்த டாங்கிப் படை. 1917 ஏப்ரலில் ஜுவின்கூர் என்ற இடத்தில் பிரெஞ்சு ராணுவம் முதல்முறையாக டாங்கிகளைச் சண்டையில் இறக்கியது. டாங்கிகள் பல வழியிலேயே அடிபட்டு நின்றுவிட்டன. குண்டுமழைக்கு நடுவில் அவற்றைப் பழுது பார்க்க ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தபோது ஹூட்ரிக்குப் பலத்த காயம். வீரத்துக்கான குருவா த கேர் பதக்கம் கிடைத்தது. நாம் பிரேக்டவுன் வண்டியை ரோட்டோரத்தில் சரிபார்க்கவே வெயில் என்று முணுமுணுக்கிறோம்.

போர் முடிந்தது. திரும்ப இரும்புத் தொழில். ஆனால் மனசு அதில் ஒட்டவில்லை. கார் பந்தயத்தில் பைத்தியமாகிவிட்டார். அவரிடம் ஒரு புகாட்டி பந்தயக் கார் இருந்தது. 1922இல் அமெரிக்கா போய் ஃபோர்டு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார், இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தையும் பார்த்தார். அங்கே அவருக்கு ஒன்று பிடிபட்டது. எஞ்சினை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒரு அளவுக்கு மேல் போக முடியவில்லை, தடுப்பது பெட்ரோல்.

இது நமக்குத் தெரிந்த விஷயம்தான். கம்ப்ரஷனைக் கூட்டினால் பவர் கூடும். ஆனால் பெட்ரோல் மட்டமாக இருந்தால், ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். பிஸ்டன் ஓட்டையாகும் வரைக்கும் கொண்டுபோய் விடும். டர்போ வண்டியில் இது இன்னும் மோசம். காற்றை அமுக்கித் திணிப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் முன்கூட்டியே ஏறியிருக்கும். ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் இல்லாமல் டர்போ கிடையாது. அந்தப் பந்தய மைதானத்தில் ஹூட்ரி தேட ஆரம்பித்தது நல்ல பெட்ரோலை.

அந்த நாளில் பெட்ரோலை அதிகமாக எடுக்க முக்கியமான வழி, கனமான எண்ணெயைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து உடைப்பது. தெர்மல் கிராக்கிங் என்று பெயர். அதில் கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் போதவில்லை. நாக்கிங்கை அடக்க அமெரிக்காவில் வேறொரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். 1921இல் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கொஞ்சம் கலந்தால் நாக்கிங் நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. மலிவான வழி. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. இந்த ஈயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் வில்லன் இதுதான்.

பிரான்ஸில் எண்ணெய்க் கிணறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை. பழுப்பு நிலக்கரி இருந்தது. நம்ம நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அதே லிக்னைட். நீஸ் நகரத்தில் ஒரு கெமிஸ்ட் லிக்னைட்டிலிருந்து பெட்ரோல் எடுக்கிறார் என்று ஹூட்ரிக்குத் தெரியவந்தது. உடனே போய் அவருடன் கைகோத்தார். குடும்பத் தொழிலை விட்டு மெல்ல விலகினார், சொந்தப் பணத்தைக் கொட்டினார். 1929இல் அரசாங்க உதவியோடு ஒரு ஆலையும் கட்டியாயிற்று. நாளைக்கு 60 டன் லிக்னைட் போடும் ஆலை. ஓடியது! ஆனால் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகவில்லை. அரசாங்கம் கையை விரித்தது. மூடிவிட்டார்கள். ஏழெட்டு வருஷ உழைப்பு போச்சு. நானாக இருந்தால் இரும்புக் கடைக்கே திரும்பிப் போயிருப்பேன்.

அவர் போகவில்லை. லிக்னைட் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இன்னொரு சோதனையும் ஓட்டிக்கொண்டிருந்தார். கனமான பெட்ரோலிய எண்ணெயைக் கேட்டலிஸ்ட் மேல் செலுத்தி உடைக்க முடியுமா என்பது அது. கேட்டலிஸ்ட் என்றால் தெரியுமே, தான் செலவாகாமல் மற்றவர்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கும் தரகர். நூற்றுக்கணக்கான பொருள்களைப் போட்டுப் பார்த்தார். கடைசியில் 1927இல் வேலை செய்தது என்ன தெரியுமா? களிமண்! சிலிக்காவும் அலுமினாவும் கலந்த ஒருவகைக் களிமண்ணைப் பக்குவப்படுத்தினால், அதன்மேல் போகும் எண்ணெய் உடைந்து நல்ல ஆக்டேன் உள்ள பெட்ரோலாக வந்தது.

களிமண்ணுக்கு அந்தக் குணம் இருப்பது மற்றவர்களும் ஓரளவு பார்த்ததுதான். ஆனால் எல்லோரும் விட்டுவிட்டுப் போனதற்குக் காரணம் கரி. எண்ணெய் உடையும்போது கேட்டலிஸ்ட் மேல் கரி படியும். சில நிமிஷத்திலேயே கறுத்துப்போய் செத்துவிடும். மற்றவர்கள் கரி படியாத கேட்டலிஸ்ட்டைத் தேடினார்கள். மெக்கானிக்கல்காரரான ஹூட்ரி, படிந்தால் படியட்டும், காற்றை ஊதி எரித்துவிட்டால் போகிறது என்று யோசித்தார். அவ்வளவுதான்! எரித்தபிறகு களிமண் பழையபடி வேலை செய்தது. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். நம்ம ஆட்கள் சைலன்சரில் கரி அடைத்தால் நெருப்பு வைத்து எரிப்பார்களே, அதே புத்தி.

பிரான்ஸில் ஆதரவு கிடைக்கவில்லை. 1930இல் அமெரிக்காவின் வேக்யூம் ஆயில் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. சோதனைச் சாலையை மூட்டை கட்டிக்கொண்டு நியூஜெர்சி மாநிலத்தின் பால்ஸ்பரோவுக்குப் போனார். போன நேரம், அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். ஒரு கம்பெனியால் தனியாகச் செலவைத் தாங்க முடியவில்லை. 1933இல் சன் ஆயில் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தது. சன் ஆயில் சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தன் பெட்ரோலில் ஈயம் கலக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த கம்பெனி அது. ஈயம் இல்லாமலே ஆக்டேன் வேண்டும் என்றால் ஹூட்ரியை விட்டால் வேறு ஆள் இல்லை.

1936இல் பால்ஸ்பரோவில் முதல் ஆலை, நாளைக்கு 2,000 பேரல். 1937இல் பென்சில்வேனியா மாநிலம் மார்க்கஸ் ஹூக்கில் சன் ஆயிலின் பெரிய ஆலை, நாளைக்கு 12,000 பேரல். லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 19 லட்சம். பழைய முறையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நல்ல பெட்ரோல் கிடைத்தது, அதாவது போட்ட எண்ணெயில் பாதி அளவுக்கு.

மார்க்கஸ் ஹூக் ஆலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், டர்போ பிரியர்களுக்கு இது விருந்து. அங்கே கேட்டலிஸ்ட் நிரப்பிய பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. ஒன்று எண்ணெயை உடைக்கும்போது இன்னொன்றில் கரி எரியும், வேறொன்றில் மிச்ச ஆவியைத் துரத்துவார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வால்வுகள் தானாக மாறும். கரியை எரிக்க அழுத்தமான காற்று நிறைய வேண்டும். அதை ஊதும் கம்ப்ரஷருக்கு மின்சாரம் கொடுத்துக் கட்டுப்படியாகுமா? ஆகாது. ஆனால் கரி எரிந்து வெளியே போகும் வாயு சூடாக, அழுத்தத்தோடு வீணாகப் போகிறதே! அதை ஒரு டர்பைன் வழியாக விட்டு, அந்த டர்பைனே கம்ப்ரஷரைச் சுற்றும்படி செய்தார்கள். சுவிட்சர்லாந்தின் பிரவுன் பொவெரி கம்பெனி செய்து கொடுத்த இயந்திரம். தொழிற்சாலைகளில் வெற்றிகரமாக ஓடிய முதல் கேஸ் டர்பைன்களில் இதைச் சொல்கிறார்கள். வெளியே போகும் புகை டர்பைனைச் சுற்ற, அது உள்ளே போகும் காற்றை அமுக்க... நண்பர்களே, நம்ம டர்போசார்ஜர் அல்லாமல் இது வேறென்ன? ஒரு ரிஃபைனரி அளவுக்குப் பெரிய டர்போ!

1940க்குள் 14 ஹூட்ரி ஆலைகள் நாளைக்கு 1,40,000 பேரல் அளவுக்கு ஓடின. அதற்குள் இரண்டாம் உலகப் போர். சண்டை விமானங்களின் எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் உண்டு. டர்போவின் அண்ணன் அது. பிரிட்டனின் மெர்லின் எஞ்சினில் 87 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் ஆறேகால் பவுண்டு பூஸ்ட் வரைதான் தைரியமாகப் போகலாம். 100 ஆக்டேன் ஊற்றினால் 12 பவுண்டு வரை போகலாம். வானத்தில் உயிர் தப்புவதற்கும் தப்பாததற்கும் அதுவே வித்தியாசம். போரின் முதல் இரண்டு வருஷங்களில் கேட்டலிஸ்ட் முறையில் தயாரான விமானப் பெட்ரோலில் 90 சதவீதம் ஹூட்ரி ஆலைகளில் இருந்து வந்தது.

ஆனால் அவருடைய சொந்த நாடு 1940இல் ஜெர்மனியிடம் விழுந்தது. அங்கே விஷி நகரில் அமைந்த அரசாங்கம் ஹிட்லரோடு ஒத்துப்போனது. ஹூட்ரி அமெரிக்காவில் இருந்தபடி ஜெனரல் டி கோலுக்கு ஆதரவாக, பிரான்ஸ் ஃபாரெவர் என்ற சங்கத்துக்குத் தலைமை ஏற்று வேலை செய்தார். விஷி அரசாங்கம் 1941இல் அவருடைய குடியுரிமையைப் பறித்தது. டாங்கிப் படையில் ரத்தம் சிந்திப் பதக்கம் வாங்கிய மனிதரை நீ பிரெஞ்சுக்காரனே இல்லை என்று தள்ளிவைத்துவிட்டார்கள். 1942இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். அதோடு சும்மா இருக்கவில்லை. ஜப்பான் ரப்பர் தோட்டங்களைப் பிடித்துக்கொண்டதால் டயருக்கே பஞ்சம் வந்தபோது, செயற்கை ரப்பருக்கு வேண்டிய பியூட்டாடையீனைத் தயாரிக்கவும் ஒரு முறையைக் கொடுத்தார்.

அதே 1942இல் அவருடைய முறையையே மிஞ்சிய இன்னொன்றும் வந்துவிட்டது. கேட்டலிஸ்ட்டைப் பாத்திரத்தில் அடைத்து வைக்காமல், பொடியாக்கி வாயுவோடு ஓடவிட்டு, ஒரு பாத்திரத்தில் உடைத்து இன்னொன்றில் எரிக்கும் முறை. நம்ம மணலி ரிஃபைனரியில் இருப்பதும் அந்த வகைதான். ஹூட்ரியின் ஆலைகள் மெல்லப் பழசாயின. ஆனால் கரியை எரித்துக் கேட்டலிஸ்ட்டைப் பிழைக்க வைப்பது என்ற அடிப்படை அவருடையது, இன்றுவரை மாறவில்லை.

அறுபதை நெருங்கும் வயசு. பணம், பெயர், பதக்கம் எல்லாம் வந்தாயிற்று. இன்னொருவராக இருந்தால் தோட்டத்தில் ஈஸிசேர் போட்டு உட்கார்ந்திருப்பார். ஹூட்ரிக்கு வேறு கவலை வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் மதியமானால் மஞ்சளாய் ஒரு மூட்டம் கவிந்து கண் எரிகிறது, அதற்குக் காரணம் கார் புகை என்று 1950ஐ ஒட்டிய ஆராய்ச்சிகள் சொல்ல ஆரம்பித்தன. நுரையீரல் புற்றுநோய் கூடிக்கொண்டு போவதும் அவரை உறுத்தியது. உலகத்தில் இத்தனை பெட்ரோல் எரிய வழி செய்தவரே அவர்தானே! இந்தக் காரணம் அவர் மனசில் இருந்ததா என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் செய்த காரியத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பென்சில்வேனியாவில் ஆக்ஸி-கேட்டலிஸ்ட் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். யோசனை பழையதுதான். ரிஃபைனரியில் கேட்டலிஸ்ட் மேல் படிந்த கரியைக் காற்றால் எரித்தவர், இப்போது புகையில் எரியாமல் போகும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் கேட்டலிஸ்ட் உதவியால் எரித்துவிடலாம் என்றார். பீங்கான் குச்சிகளை வரிசை வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் அலுமினாவும் பிளாட்டினமும் மெல்லிய படலமாகப் பூசினார். புகை அதிகத் தடை இல்லாமல் குச்சிகளுக்கு இடையே புகுந்து போகும். போகிற போக்கில் விஷ வாயு கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிவிடும். 1956இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கிடங்குகளுக்குள் மூடிய இடத்தில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் மாட்டினார்கள். நன்றாக வேலை செய்தது.

ரோட்டில் ஓடும் கார்களில் மாட்டினால்? அங்கேதான் வில்லன் நின்றான். பெட்ரோலில் கலந்த ஈயம் எரிந்து புகையோடு வந்து பிளாட்டினத்தின்மேல் படிந்தது. கரி படிந்தால் எரித்துவிடலாம். ஈயம் எரியாது. நுண்துளைகளை மூடிவிடும், கேட்டலிஸ்ட் குருடாகிவிடும். ரிஃபைனரியில் கரியை ஜெயித்த மனிதர் இங்கே தோற்றுப்போனார். கொடுமை என்னவென்றால், ஈயம் இல்லாமலே நல்ல ஆக்டேன் பெட்ரோல் எடுக்க உலகத்துக்கு வழிகாட்டியவரே அவர்தான். அந்த வழி கையில் இருந்தும் உலகம் மலிவு என்று ஈயத்தையும் சேர்த்துக் கலந்தது. அந்த ஈயமே அவருடைய கடைசிக் கண்டுபிடிப்பைக் கொன்றது.

1962 ஜூலை 18ஆம் தேதி பென்சில்வேனியாவில் ஹூட்ரி காலமானார். வயசு 70. அப்போது உலகத்தில் ரோட்டில் ஓடிய கார்களில் கேட்கானோடு ஓடியவை என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

அவர் போன எட்டு வருஷத்தில், 1970இல், அமெரிக்கா காற்று மாசுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல் கார்களில் கன்வர்ட்டர் வந்தது. கூடவே ஈயமில்லாத பெட்ரோலும் பங்க்குகளுக்கு வந்தது. புது வண்டிகளின் டேங்க் வாயைச் சின்னதாக்கி, ஈயப் பெட்ரோல் குழாய் நுழையாதபடி செய்தார்கள். கார்னிங் கம்பெனி எஞ்சினியர்கள் குச்சிகளுக்குப் பதில் தேன்கூடு மாதிரி பீங்கானைச் செய்து கொடுத்தார்கள். அடுத்து எங்கல்ஹார்ட் கம்பெனிக்காரர்கள் நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்த்து ஒழிக்கும் மூன்று வழிக் கன்வர்ட்டரைக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நாலு நகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றது.

இனி அந்த டர்போ கார்.

மூணு வாரத்தில் அது திரும்பி வந்தது. டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கேட்கானுக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னது ஏறி இறங்கும், பின்னது ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்க வேண்டும். நடுவில் கேட்டலிஸ்ட் ஆக்ஸிஜனைச் சேமித்துச் செலவழிப்பதால் அப்படி. நடுவில் ஒன்றும் இல்லாததால் பின்னதும் முன்னதைப் போலவே ஆடியது. கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது. போதாததற்குப் பின்சீட்டில் உட்காரும் அவனுடைய அம்மாவுக்கு சிக்னலில் நின்றால் தலைவலியும் குமட்டலும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பையனுக்குப் பிக்கப் ஆசை தப்பில்லை. அதற்கும் கணக்கு இருக்கிறது. டர்பைன் சுற்றுவது, அதற்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தால். உதாரணத்துக்கு முன்னால் 200 கிலோ பாஸ்கல், பின்னால் 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 1.54. பின்னால் தடையைக் குறைத்து 115 ஆக்கினால் விகிதம் 1.74. டர்போ சீக்கிரமே சுற்றத் தொடங்கும். அதனால்தான் சாதா எஞ்சினைவிட டர்போ எஞ்சினில் கேட்கானின் தடை நன்றாகவே தெரிகிறது. இதற்குத் தடையைக் குறைத்த கேட்கானே கிடைக்கிறது. ஹை ஃப்ளோ என்பார்கள். கம்பெனிப் பீங்கானில் சதுர அங்குலத்துக்கு 400, 600 என்று ஓட்டைகள் இருக்கும். ஹை ஃப்ளோவில் 200 அல்லது 100தான், சுவரும் மெல்லிய உலோகத் தகடு. புகை சுலபமாகப் போகும்.

ஆனால் சும்மா கிடைப்பதில்லை. ஓட்டை குறைந்தால் பரப்பும் குறையும், சுத்தம் செய்வதும் குறையும். 100 ஓட்டைக் கேட்கான் போட்டுவிட்டுப் புகை கம்பெனி வண்டி மாதிரி இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டர்போ வேறு புகையின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கேட்டலிஸ்ட் வேலை செய்ய 250, 300 டிகிரியாவது வேண்டும். அதனால் டர்போவை விட்டுத் தள்ளி வண்டிக்கு அடியில் மாட்டினால் காலையில் ஸ்டார்ட் செய்தபின் வெகுநேரம் தூங்கும். டர்போவை ஒட்டியே இருக்க வேண்டும். அப்புறம், கம்பெனி மாட்டியதை மாற்றினால் வாரன்டி போகும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதில் சொல்ல வேண்டியதும் வரலாம். இதையெல்லாம் அந்தப் பையனிடம் நானே சொன்னேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை.

பையன் ரெண்டு நாள் யோசித்து, பழையபடி கம்பெனி கேட்கானுக்கு விலை கேட்டான். விலையைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. கடைசியில் 200 ஓட்டை உலோகக் கேட்கான் ஒன்றை டர்போவை ஒட்டினாற்போல் வைத்து வெல்டிங் செய்தோம். சென்சார்களை அதனதன் இடத்தில் மாட்டினோம். வெல்டிங்குக்கு நான் கூலி வாங்கவில்லை. புகை டெஸ்ட்டில் தேறியது. அம்மாவுக்குத் தலைவலி இல்லையாம். பிக்கப் முன்னைவிட நல்லா இருக்கிறது, ஆனால் காலி பைப் அளவுக்கு இல்லை என்றான். விளக்கு மட்டும் எப்போதாவது ஒருமுறை எரிந்து அணைகிறது. 200 ஓட்டைக்கு அது கொஞ்சம் எதிர்பார்த்ததுதான்.

சாக்கு கட்டியபோது உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு பெஞ்சுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. அது இப்போது நம்ம ஆட்டோமொபைல் லேப்பில், கட் செக்ஷன் எஞ்சினுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. முதல் வருஷ நண்பர்கள் ஒரு ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஓட்டை என்று எண்ணிப் பாருங்கள். இருபது வரும். கையில் பிடிக்கும்போது மெதுவாகப் பிடிக்கவும், ஓரம் உதிர்கிறது.